இடது கையில் அரிசிப் பை

மும்பை செம்பூரில் எங்கள் வீடு ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை. மொத்தம் 410 சதுர அடி, வாடகை. அதில் மூன்று வருடமாக எங்களோடு பொரி, கடலை என்று இரண்டு முயல்கள் குடியிருக்கிறார்கள். வெள்ளையாக இருப்பவள் பொரி, வறுத்த நிறத்தில் இருப்பவன் கடலை. ‘ரெண்டுமே பொண்ணுடா’ என்று சொல்லித்தான் நண்பன் கொடுத்தான். கால்நடை மருத்துவர் புரட்டிப் பார்த்துவிட்டு ஒன்று ஆண் என்றார். முயலுக்குச் சினைக்காலம் ஒரே மாதம், குட்டி போட்ட அன்றைக்கே திரும்பவும் சினை பிடிக்கும் என்று அவர் சொன்னதும், இரண்டுக்கும் கருத்தடை ஆபரேஷனுக்கு நாள் குறித்துக்கொண்டுதான் வீடு திரும்பினோம். ஆபரேஷனுக்கு முந்தின இரவு பட்டினி போட வேண்டாம், முயலுக்கு வாந்தி எடுக்கவே வராது என்று அவர் சொன்னது எனக்குப் புதுச் செய்தி.

கருத்தடை செய்யாத முயல் மூலைக்கு மூலை மூத்திரம் பீய்ச்சும், காலைச் சுற்றும், கோபம் வந்தால் கடிக்கும். எங்கள் வீட்டில் அந்தத் தொல்லை முன்பே முடிந்திருந்தது. அதனால்தான் போன வருடம் மே மாதம், மனைவிக்கு ஐந்தாம் மாதம் நடக்கும்போது, ‘முயலை என்ன செய்யப்போறீங்க?’ என்று எல்லோரும் கேட்க ஆரம்பித்தபோது எனக்குக் கொஞ்சம் தைரியம் இருந்தது.

தென்காசியிலிருந்து மாமியார் போன் செய்து, ‘யாருக்காவது குடுத்துருங்க மாப்பிள்ளை, பச்சப்புள்ள இருக்கிற வீட்டுல முடி பறக்கும்’ என்றார். அலுவலகத்தில் ஒருவர், கர்ப்பிணி இருக்கும் வீட்டில் விலங்கே கூடாது, கருவைப் பாதிக்கும் என்றார். அவர் சொன்னது டாக்ஸோபிளாஸ்மா கிருமியை மனத்தில் வைத்து. மகப்பேறு மருத்துவரிடம் கேட்டோம். அந்தக் கிருமியின் முட்டைகள் வெளியே வருவது பூனையின் மலத்தில்தான், முயல் புழுக்கையில் வராது என்றார். இருந்தாலும் முயல்களின் கழிவுத் தட்டைச் சுத்தம் செய்கிற வேலை இனி கணவருடையது, முயலைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், படுக்கையறைக்குள் முயல் வேண்டாம். மூன்றே கட்டளை. மனைவிக்கு முதல் கட்டளை ரொம்பப் பிடித்துப்போனது.

அன்றிரவு ஹாலில் உட்கார்ந்து அளவு எடுத்தேன். 10 அடிக்கு 14 அடி. அதுவரை முயல்கள் ஹால் முழுக்கச் சுதந்திரமாகத் திரிந்துகொண்டிருந்தன. சோபாவுக்கு அடியில் தூக்கம், டி.வி. மேஜைக்குப் பின்னால் பஞ்சாயத்து. குழந்தை வந்த அன்று திடீரென்று அவர்களை ஒரு மூலையில் அடைத்தால் இரண்டு கஷ்டம். முயல் பழக்கத்தின் பிராணி. சாப்பாட்டு நேரம், தூங்குமிடம், தட்டு இருக்கும் திசை ஒன்று மாறினாலும் முகம் திருப்பிக்கொள்ளும், சில சமயம் சாப்பாட்டையும் நிறுத்திவிடும். இன்னொன்று, தூக்கமில்லாத அந்த முதல் மாதத்தில் மரவேலை செய்ய எனக்கு எங்கே நேரம்? ஆக எல்லா மாற்றமும் இப்போதே. நான்கு மாதம் கையில் இருக்கிறது என்று நினைத்தேன். இருந்தது மூன்றரைதான்.

பால்கனியைக் கொடுத்துவிடலாம் என்பதுதான் முதல் யோசனை. மும்பையில் எல்லோரும் செய்வதுபோல எங்கள் பால்கனிக்கும் கிரில் போட்டிருக்கிறது. ஆனால் அது மேற்குப் பார்த்தது. மே மாதம் மூன்று மணிக்குத் தரையில் கால் வைக்க முடியாது. முயலுக்கு வியர்க்காது, சூட்டைக் காது வழியாகத்தான் வெளியேற்றும். 28, 30 டிகிரிக்கு மேல் போனாலே திணறும். ஜூன் இரண்டாம் வாரம் மழை வந்துவிட்டால் சாரல் நேராக உள்ளே அடிக்கும். பால்கனி காலையிலும் மாலையிலும் உலாவ மட்டும். வீடு ஹாலுக்குள், பால்கனிக் கதவை ஒட்டிய மூலையில், 6 அடிக்கு 4 அடி.

முதலில் சோம்பேறித்தனமாகத்தான் செய்தேன். ஆன்லைனில் கிடைக்கும் சதுரக் கம்பி பேனல்களை வாங்கி, கேபிள் டை போட்டு இரண்டு அடுக்காக நிறுத்தினேன். 70 செ.மீ. உயரம். அரை மணி நேர வேலை. மறுநாள் காலை கடலை உள்ளே இருந்தான், பொரி சோபாவின் மேல் இருந்தாள். அவள் தாண்டவில்லை. கேபிள் டை முடிச்சு இருந்த இடத்தைக் கடித்து, பேனலைத் தலையால் தள்ளி, அந்த இடுக்கில் புகுந்து வந்திருக்கிறாள். நறுக்கிய நைலான் துண்டு இரண்டு தரையில் கிடந்தது. மீதித் துண்டு வயிற்றுக்குள் போயிருக்குமோ என்று அன்று முழுக்கப் புழுக்கையை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் முறையாக ஒரு சட்டம். தெரிந்த மரக்கடையில் பிரித்துப்போட்ட பேக்கிங் பைன் மரம் மலிவாகக் கிடைத்தது. இதை வாங்குகிறவர்கள் ஒரு விஷயம் பார்க்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து சரக்கோடு வரும் மரத்தில் ஒரு முத்திரை குத்தியிருக்கும். எச்.டி. என்று இருந்தால் சூட்டில் பதப்படுத்தியது. எம்.பி. என்று இருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது. முயல் எப்படியும் சட்டத்தைக் கொறிக்கும். அதன் பல் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பது, கொறிக்காமல் இருக்க முடியாது. அதனால் எச்.டி. முத்திரை பார்த்துப் பொறுக்கினேன். முத்திரையே இல்லாத பலகைகளைத் தள்ளிவிட்டேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிளைவுட் வேண்டாம் என்றதும் இன்னும் ஒரு மாதிரி பார்த்தார். பசையோடு சேர்த்துத் தின்பார்கள் என்று அவருக்கு இந்தியில் விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

மற்ற சாமான் எல்லாம் நாக்தேவி தெருவில். ஒரு அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் 3 அடி அகலத்தில், அலுமினிய ஆங்கிள், கீல், திருகு. வாடகை வீட்டுச் சுவரில் துளை போட முடியாது. அதனால் சட்டத்தின் ஒரு முனையைப் பால்கனி கிரில்லோடு யூ கிளாம்ப் போட்டு இறுக்கினேன். மறு முனையில் அடிக்குத் தடித்த பலகை வைத்து, அதன் மேல் புத்தக அலமாரியை ஏற்றினேன். புத்தகத்தின் எடை முதல்முறையாக வீட்டுக்கு உபயோகப்பட்டது. கொறிக்க வசதியான விளிம்புகளில் எல்லாம் அலுமினிய ஆங்கிள். வலையை வெட்டினால் முனைகள் ஊசி மாதிரி நிற்கும். அந்த முனைகள் இரண்டு சட்டத்துக்கு நடுவில் புதையும்படி வைத்தேன். முயல் தோல் மெல்லியது, லேசான கீறல்கூடச் சீழ்க்கட்டியாகிவிடலாம்.

தரைதான் அதிகம் யோசிக்க வைத்தது. கம்பித் தரை கூடாது. முயலின் பாதத்தில் நாய் பூனைக்கு இருப்பதுபோல மெத்தை கிடையாது, முடி மட்டும்தான். கம்பியில் நின்றால் குதிகால் புண்ணாகும். டைல்ஸ் வழுக்கும். கீழே ஒரு பி.வி.சி. விரிப்பு போட்டு, ஓரம் முழுக்கச் சட்டத்துக்கு அடியில் செருகினேன். மேலே, கல்யாணத்துக்கு வந்த பவானி ஜமக்காளம். தடித்த பருத்தி, வாஷிங் மெஷினில் போடலாம். பின்னால் ஜூலையில் மாமியார் வந்து இறங்கியதும் முதலில் பார்த்தது அந்த ஜமக்காளத்தைத்தான். அரை நிமிடம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மகளைப் பார்த்து, ‘இது உங்கப்பா பவானிக்கே போயி வாங்கினது’ என்றார். என்னிடம் எதுவும் சொல்லவில்லை. அதுதான் வலித்தது.

தட்டு விஷயத்தில் எங்களுக்குப் பழைய அனுபவம் உண்டு. பூனைக்கு விற்கும் கட்டியாகும் மணல் முயலுக்குக் கூடாது, தின்றால் வயிற்றில் அப்படியே இறுகிவிடும். பழைய செய்தித்தாள், மேலே அழுத்திய மரத்தூள் குண்டுகள், ஒரு ஓரத்தில் காய்ந்த புல். முயல் தின்றுகொண்டே புழுக்கை போடும், அதனால் புல்லைத் தட்டின் தலைமாட்டில் வைத்தால் தானே பழகிவிடும். மூத்திரம் காய்ந்தால் வெள்ளையாகச் சுண்ணாம்புபோல ஒட்டும். வெள்ளை வினிகரை ஊற்றி பத்து நிமிடம் விட்டால் கரைந்துவிடும். வினிகர் ஊற்றிய அன்று பிளீச்சிங் பவுடர் பக்கம் போகாதீர்கள், இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். முன்பு இரண்டு நாளைக்கு ஒருமுறை மாற்றுவேன், இப்போது தினமும். அம்மோனியா நெடி முயலின் மூக்குக்கும் கேடு, குழந்தையின் மூக்குக்கும் கேடு.

வயர்களைப் பற்றி நீட்டாமல் சொல்லிவிடுகிறேன். தரையிலிருந்து இரண்டரை அடிக்குக் கீழே ஒரு வயரும் இருக்கக் கூடாது என்று முடிவு செய்து, லோகார் சாலில் வாங்கிய பி.வி.சி. கேசிங்குக்குள் எல்லாவற்றையும் தள்ளிப் பசை டேப்பால் ஒட்டினேன். மின்பெட்டியில் 30 மில்லி ஆம்பியர் கசிவு பிரேக்கர் இருக்கிறதா என்று பார்த்து, அதன் டெஸ்ட் பட்டனை அமுக்கினேன். விழவில்லை. வீட்டுக்காரரிடம் சொல்லி மாற்றினோம். முயலை நினைத்து அமுக்கிய பட்டன். நாங்கள் இத்தனை வருடம் எதை நம்பித் தூங்கினோமோ.

இனி கதவு. என்னுடைய நேரத்தில் பாதியைத் தின்றது இந்த ஒன்றரை அடி அகலக் கதவுதான்.

முதலில் சாதாரண டவர் போல்ட் போட்டேன். பூட்ட ஒரு கை கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும், மறு கை போல்ட்டைத் தள்ள வேண்டும். அது கீழ்ப்பக்கம் வேறு இருந்தது, குனிய வேண்டும். எனக்கு ஒரு சிரமமும் தெரியவில்லை. மனைவிதான், ‘பிள்ளையைக் கையில வெச்சுக்கிட்டு இதை எப்படிங்க திறப்பீங்க?’ என்று கேட்டாள். சரி என்று ஆங்கிளுக்கு அந்தப் பக்கம் காந்தக் கேட்ச் வைத்தேன். தொட்டால் திறக்கும், விட்டால் மூடும். ஒரு கை போதும். கடலைக்கு ஒரு தலை போதும் என்பது மறுநாள் தெரிந்தது.

அப்போதுதான் அரிசிப் பை வந்தது. பிறந்த குழந்தை ஏறக்குறைய 3 கிலோ இருக்கும். 3 கிலோ பொன்னி அரிசியை ஒரு துணிப்பையில் போட்டு, துண்டில் சுற்றி, இடது கையில் ஏந்திக்கொண்டு முயல் வேலை முழுவதையும் செய்து பார்த்தேன். கதவு திறப்பது, புல் வைப்பது, தண்ணீர்க் கிண்ணம் எடுத்துக் கழுவி நிரப்புவது, தட்டை உருவுவது, கதவு மூடுவது. அரிசிப் பை விறைப்பாக நிற்காது, குழந்தை மாதிரியே வழுகும், கழுத்துப் பக்கம் தொங்கும். முதல் தடவை எனக்கு எங்கெல்லாம் இரண்டாவது கை தேவைப்பட்டதோ அங்கெல்லாம் சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன். ஏழு கோடு.

கதவுக்கு ஸ்பிரிங் கீல் போட்டேன், விட்டால் தானே வந்து சாத்திக்கொள்ளும். இடுப்பு உயரத்தில், சட்டத்தின் வெளிப்பக்கம், தோட்டக் கதவுகளில் இருக்கும் விழுதாழ்ப்பாள். சாத்தினால் தானே விழும், ஒரு விரலால் தூக்கினால் திறக்கும். உள்ளேயிருந்து எட்டாது. தட்டுக்கு அலமாரி டிராயர்போலக் கீழே தனி வழி விட்டேன்; கதவைத் திறக்காமலே வெளிப்பக்கம் இழுக்கலாம். தண்ணீர்க் கிண்ணம் கனமான பீங்கான், அதை எடுக்கவே வேண்டாம். வெளியிலிருந்து நீண்ட மூக்குக் குவளையால் ஊற்றலாம், கழுவுவது இரவில். ஏழு கோடும் அழிய இரண்டு வாரம் ஆனது. இதற்கிடையில் மாமியார் வந்துவிட்டார். காலை ஆறு மணிக்குச் சமையலறையிலிருந்து எட்டிப் பார்க்கும்போது, மருமகன் அரிசிப் பையை ஆட்டிக்கொண்டே முயலுக்குப் புல் வைத்துக்கொண்டிருக்கிறான். ‘ராத்திரி சரியாத் தூங்கினீங்களா மாப்பிள்ளை?’ என்று மட்டும் கேட்டார்.

புல்தான் இந்த நகரத்தில் பெரிய தலைவலி. முயல் சாப்பாட்டில் ஏறக்குறைய 80 சதவீதம் காய்ந்த புல்லாக இருக்க வேண்டும். கேரட் என்பது படத்தில் காட்டுவது. நிஜத்தில் அது முயலுக்கு அல்வா மாதிரி, எப்போதாவது ஒரு துண்டு. திமோத்தி புல் ஆன்லைனில் வாங்குகிறோம், விலை கண்ணைக் கட்டும். ஜூலையில் மலிவாகக் கிடைத்தது என்று நான்கு கிலோ வாங்கி, காற்றுப் புகாத பெரிய டப்பாவில் போட்டு நாலு பக்கமும் கிளிப் மாட்டினேன். பத்து நாள் கழித்துத் திறந்தால் மண்வெட்டி முனையில் வரும் வாசனை. நடுவில் சாம்பல் நிறப் பூஞ்சை. தப்பு டப்பாவில் இல்லை. அடைமழை பெய்த அன்று திறந்து வைத்து, காற்றில் இருந்த ஈரத்தையும் சேர்த்து நானே அடைத்திருக்கிறேன். நான்கு கிலோவும் குப்பைக்குப் போனது. பூஞ்சை பிடித்த புல்லைத் தட்டி உதறிக் கொடுக்கலாம் என்று நினைக்க வேண்டாம், அது வயிற்றையும் கெடுக்கும், மூச்சையும் கெடுக்கும். அடுத்த முறை ஒன்றரை கிலோ மட்டும். ஓர் இரவு ஃபேனுக்கு அடியில் பரப்பி, மூடியின் உட்புறம் சிலிகா ஜெல்லைத் துணிப்பையில் கட்டி ஒட்டி, அப்புறம் அடைத்தேன். அது நின்றது.

இன்னொரு பிரச்சினை தூசி. காய்ந்த புல்லை எடுத்தால் ஹாலில் வெளிச்சம் விழும் இடத்தில் தூசி மிதப்பது தெரியும். மனைவிக்கு ஏழாம் மாதம் தும்மல் வேறு ஆரம்பித்திருந்தது. நான் புல்லை ஒரு தலையணை உறைக்குள் போட்டு உதறிப் பார்த்தேன், உறைக்குள்ளேயே தங்கியது தூசி. மாமியார் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஊரிலிருந்து வளைகாப்புச் சாமானோடு ஒரு முறம் கொண்டுவந்திருந்தார். ‘குடுங்க இங்க’ என்று வாங்கிக்கொண்டு மழை விட்ட ஒரு மத்தியானம் மொட்டை மாடிக்குப் போனார். மூக்கில் முந்தானையைச் சுற்றிக்கொண்டு, காற்றுக்கு முதுகு காட்டி நின்று, ஒரு கைப்பிடி ஒரு கைப்பிடியாகப் புடைத்தார். கிழிந்த சிறு தாள்களும் தூசியும் முறத்தின் நுனியில் பறந்து போக, நீளமான தண்டுகள் மட்டும் மடிப்பக்கம் சேர்ந்தன. நெல்லுக்கும் புல்லுக்கும் ஒரே மணிக்கட்டுதான். அன்றிலிருந்து புல் டிபார்ட்மெண்ட் அவருடையது. முயலைத் தொடமாட்டார், புல்லில் தூசி இருந்தால் என்னைத் திட்டுவார்.

பதிலுக்கு அவருக்கும் நான் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. குழந்தையைக் குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டுவது நம் வீடுகளில் வழக்கம். முயல் மூக்கால் மட்டுமே மூச்சு விடும், வாயால் விடவே திணறும். புகை அதற்குச் சுத்தமாக ஆகாது. குழந்தை மருத்துவரிடம் கேட்டபோது, பிஞ்சு நுரையீரலுக்கும் அந்தப் புகை வேண்டாம் என்றார். கொசுவர்த்திக்கும் அதே பதில். முயலுக்காக என்று நான் சொல்லியிருந்தால் நடந்திருக்காது. டாக்டர் சொன்னதால் தூபக்கால் பரணுக்குப் போனது.

தூளிக்கு எங்களுக்கு அதிர்ஷ்டம். முன்பு குடியிருந்தவர்கள் பாலக்காட்டுக்காரர்கள், ஹால் கூரையில் கொக்கி விட்டுப் போயிருந்தார்கள். எத்தனை வருடக் கொக்கியோ என்று, மாமியாரின் பழைய சுங்குடிச் சேலையில் தூளி கட்டி 20 லிட்டர் தண்ணீர் கேனை அதில் உட்கார வைத்து ராத்திரி முழுக்க விட்டேன். காலையில் அவர் பதறிவிட்டார். ‘பிள்ளை பொறக்கிறதுக்கு முன்னாடி வெறுந்தூளி கட்டக் கூடாது!’ வெறுந்தூளி இல்லை அத்தை, 20 கிலோ இருக்கிறது என்றேன். கொக்கி அசையவில்லை. ஆனால் கதவுச் சோதனைக்காக அன்று முயல்களை வெளியே விட்டிருந்தேன். தரையைத் தொட்டுக்கொண்டிருந்த சேலை ஓரத்தில் கடலை வரிசையாக ஐந்து அரைநிலா வெட்டியிருந்தான். கத்தரிக்கோல் தோற்றுப்போகும் சுத்தம். அதனால் இப்போது தூளியின் அடிப்பாகம் தரையிலிருந்து இரண்டரை அடி, சேலையின் மீதி நுனிகள் மேலே முடிச்சோடு சுருட்டிக் கட்டியிருக்கின்றன. தூளியில் குழந்தை இருக்கும்போது முயல் கூண்டுக்குள், ஹாலில் பெரியவர் ஒருவர் விழித்திருக்க வேண்டும். இரவுத் தூக்கம் படுக்கையறையில், தட்டையான கெட்டி மெத்தையில், மல்லாக்கப் படுக்கவைத்து.

சத்தத்துக்கும் பழக்கினோம். குழந்தை அழுகையின் பதிவை, சாப்பாட்டு நேரத்தில் மிக மெதுவாக வைத்து, வாரத்துக்கு ஒரு புள்ளி ஏற்றினோம். முதல் நாள் பொரி பின்னங்காலால் தரையில் ஓங்கி அடித்தாள். ஆபத்து என்று ஊருக்குச் சொல்லும் முயல் பாஷை. நாலாம் வாரம் கொத்தமல்லிக் கட்டிலிருந்து தலைகூட நிமிரவில்லை. குக்கர் விசிலுக்கு அடங்கியவர்கள்தானே. ஆகஸ்ட் கடைசியில் மருத்துவரிடம் காட்டி, தோலில் படர்தாமரையும் உண்ணியும் இல்லை என்று பார்த்து, நகம் வெட்டிக்கொண்டு வந்தோம். ஒன்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார்: நாய்க்குப் போடும் உண்ணி மருந்துகளில் ஃபிப்ரோனில் உள்ளதை முயலுக்குப் போடவே கூடாது, வாய்வழி அமாக்ஸிசிலினும் கூடாது. வீட்டில் குழந்தைக்கென்று மருந்துகள் சேரும்போது, அவசரத்தில் யாரும் சொட்டு மருந்தைப் பகிர்ந்துவிடக் கூடாதே என்று.

எல்லாம் தயார். கடைசி வாரம் செப்டம்பர் என்று நாள் கொடுத்திருந்தார்கள். ஒன்பது நாள் முன்னதாக, கணபதி வாரத்தில், தெருவில் டோல் தாஷா மேளம் அதிர்ந்துகொண்டிருந்த ராத்திரியில் வலி எடுத்தது. மூன்று பேரும் கிளம்பிவிட்டோம். முயலைப் பக்கத்து வீட்டு மாவ்ஷியிடம் சொல்லிவிட்டுப் போனேன். கதவு எப்படித் திறப்பது என்று காட்டினேன், ஒரே விரலால் திறந்தார், எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் காலை பெண் குழந்தை. 2 கிலோ 900. அரிசிப் பையைவிட 100 கிராம் குறைவு.

அன்று மாலை துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். கடலை வழக்கம்போல ஓடி வந்தான். பொரி மூலையில் பந்துபோல உட்கார்ந்திருந்தாள், கண் பாதி மூடி. தட்டில் அவள் பக்கம் புழுக்கை இல்லை. கொத்தமல்லியை மூக்கருகில் நீட்டினேன், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பல்லைக் கடிக்கும் சத்தம் கேட்டது, அது வலிச் சத்தம். புல் கூடையைப் பார்த்தேன், காலி. கூண்டு ஓரத்தில் மாரி பிஸ்கட் தூள்கள், ஒரு வாழைப்பழத் தோல்.

மாவ்ஷி மேல் ஒரு குற்றமும் இல்லை. புல் டப்பாவின் நாலு கிளிப்பும் நான் மழைக்குப் பயந்து தேடி வாங்கிய இறுக்கமான கிளிப். 65 வயது விரல்களுக்கு அது திறக்கவில்லை. பிரசவ வார்டில் இருப்பவனுக்கு இதற்காகப் போன் செய்வானேன் என்று, வீட்டில் இருந்ததை அன்போடு கொடுத்திருக்கிறார். கதவை ஒரு கைக்குச் செய்தவன், டப்பாவை மறந்துவிட்டேன். அரிசிப் பைச் சோதனையில் டப்பா ஏற்கெனவே திறந்தே இருந்தது. கிளிப்பை நான் எப்போதும் முன்கூட்டியே திறந்து வைத்துக்கொண்டுதான் ஆரம்பிப்பேன்.

முயலின் குடல் நிற்கக் கூடாது. நார் உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் வாயு சேரும், வலிக்கும், வலியால் இன்னும் சாப்பிடாது. 12 மணி நேரம் சாப்பிடாவிட்டால் காலை வரை பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனேன். பயமும் ஒரு காரணம் என்றார், தெருவில் அந்த மேளம் வேறு. தோலுக்கடியில் திரவம் ஏற்றி, வலி ஊசியும் குடலை அசைக்கும் மருந்தும் கொடுத்தார். நசுக்கிய முயல் தீவனப் பெல்லட்டை வெந்நீரில் கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில், வாயின் பக்கவாட்டு இடுக்கில் கொஞ்சம் கொஞ்சமாக விடச் சொன்னார். மொத்தமாகத் தள்ளினால் நுரையீரலுக்குப் போகும்.

அந்த இரவு மறக்காது. மருத்துவமனையில் மனைவியும் குழந்தையும் மாமியாரும். நான் வீட்டில், துண்டில் சுற்றிய பொரியை இடது கையில் வைத்துக்கொண்டு, வலது கையில் சிரிஞ்ச். 2 மில்லி, விழுங்கும் வரை காத்திருப்பு, மறுபடி 2 மில்லி. அங்கே முதல்முறை பால் குடிக்கப் பழகிக்கொண்டிருந்தாள் மகள். மனைவி அனுப்பிய குரல் செய்திகளை இங்கே கேட்டுக்கொண்டிருந்தேன். விடியற்காலை நாலரைக்குத் தட்டில் டக் டக்கென்று சத்தம். மிளகு அளவில் மூன்று புழுக்கை. அதைப் போட்டோ எடுத்து மருத்துவமனைக்கு அனுப்பினேன். ‘அம்மா சிரிக்கிறாங்க’ என்று பதில் வந்தது.

டப்பாவை அன்றே மாற்றினேன். புடைத்த புல்லை நாள் அளவுக்குப் பிரித்து ஏழு துணிப்பைகள், கூண்டுக்கு மேல் கொக்கியில் வரிசையாக. சுருக்குக் கயிறு, இழுத்தால் திறக்கும். பெரிய டப்பா என் பொறுப்பு, வாரம் ஒருமுறை. கதவில் ஓர் அட்டை ஒட்டியிருக்கிறது, மராத்தியில் மாவ்ஷியின் பேத்தி எழுதிக் கொடுத்தது: புல் மட்டும், பிஸ்கட் வேண்டாம், சாப்பிடாவிட்டால் எந்த நேரமானாலும் போன் செய்யவும். கணபதிக்கு வாங்கி மிஞ்சிய அருகம்புல்லை மாவ்ஷி ஒரு கட்டு கொண்டுவந்து நீட்டினார், தயங்கிக்கொண்டே. கழுவி உலர்த்திக் கொடுத்தேன். அருகம்புல் அவர்களுக்கு மிகவும் பிடிக்கும்.

மகள் வீட்டுக்கு வந்த அன்று அவளைச் சுற்றியிருந்த துணியை ஒரு மணி நேரம் கூண்டின் வெளிப்பக்கம் தொங்கவிட்டோம். இருவரும் மூக்கை வேகமாக ஆட்டி முகர்ந்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்கள். அவ்வளவுதான் வரவேற்பு. இப்போது அவளுக்கு நாலு மாதம். முயல்களுக்கு நான் செலவழிப்பது காலை 20 நிமிடம், இரவு 20 நிமிடம். இரவு அவள் தூங்கிய பிறகு ஹாலில் ஒரு மணி நேரம் ஓட்டம். சில நாள் அந்த ஓட்டம் தவறுகிறது. அன்றைக்குக் கடலை சட்டத்தைக் கொறிக்கும் சத்தம் படுக்கையறை வரை கேட்கும்.

நேற்று அவள் முதல்முறையாகக் குப்புற விழுந்தாள். மாமியார் கொழுக்கட்டை செய்தார். எனக்கோ வலையின் நினைவுதான் வந்தது. ஒரு அங்குலக் கண்ணில் தவழும் குழந்தையின் விரல் தாராளமாக நுழையும். விரலா, கேரட்டா என்று முயல் கேட்டுவிட்டுக் கடிக்காது. விரல் நுழையாத அளவு சின்னக் கண் உள்ள வலை 2 அடி உயரத்துக்கு வெளிப்பக்கம் இன்னொரு அடுக்காக வர வேண்டும். சுருளாக வாங்கி வைத்தாயிற்று, பால்கனியில் கிடக்கிறது. ஸ்டேப்ளர் துப்பாக்கி இரண்டாம் மாடிக்காரரிடம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை தருகிறேன் என்றிருக்கிறார்.